பாட்டு அடுத்தவருடையது, ஆல்பம் உங்களுடையது

மெட்டு வேறொருவருடையது. குரல் விருந்தாளியுடையது. அட்டையில் மட்டும் உங்கள் பெயர். கவர் பாடல்களை விருந்தினர் பாடகர்களை வைத்து ஆல்பமாகப் போட நினைக்கும் மியூசிக் புரொடியூசர், இதில் தன் பங்கு என்ன என்பதை முதலில் ஒரே வரியில் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வராவிட்டால் ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

புரொடியூசர் மார்க் ரான்சனுக்கு அந்த வரி தெரிந்திருந்தது. 2007இல் வந்த அவருடைய ‘வெர்ஷன்’ ஆல்பத்தில் தி ஸ்மித்ஸ், ரேடியோஹெட், கைசர் சீஃப்ஸ் என்று பெரும்பாலும் பிரிட்டிஷ் கிட்டார் குழுக்களின் பாடல்கள். கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி, அறுபதுகளின் சோல் பாணி டிரம்ஸையும் பிராஸையும் முன்னால் நிறுத்தினார். லில்லி ஆலன், ராபி வில்லியம்ஸ், டேனியல் மெரிவெதர் என்று குரல்கள் மாறின, பிராஸ் மாறவில்லை. கோல்ட்பிளே பாட்டுக்குப் பாடகரே இல்லை, ஊதுகிறவர்களே போதும் என்று விட்டுவிட்டார். ஆல்பம் பிரிட்டனில் 2ஆம் இடம் வரை ஏறியது. 2008 பிரிட் விருதுகளில் சிறந்த ஆண் தனிக்கலைஞர் விருதும் வந்தது, அதில் ஒரு பாட்டைக்கூட முன்னின்று பாடாத ஆளுக்கு!

பாட்டை நீங்களே முடிவு செய்து பாடகரைக் கூப்பிடுவது வழக்கம். சில நேரம் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. தி ஸூட்டன்ஸ் குழு 2006இல் வெளியிட்ட ‘வேலரி’யை ரான்சனிடம் சொன்னது, அதே ஆல்பத்தில் பாட வந்த ஏமி வைன்ஹவுஸ்தான். முதலில் நிதானமான நடையில் பதிவானது. பிறகு வேகத்தைக் கூட்டி இன்னொன்று எடுத்தார்கள். ஆல்பத்தில் ஏறியது அதுதான், பிரிட்டனில் 2ஆம் இடம் பிடித்ததும் அதுதான். மெதுவான பதிவு அவர் மறைந்தபின் 2011இல் வெளிவந்தது. பாடகர் ஹெட்ஃபோனைக் கழற்றும்முன் வேறு டெம்போவில் ஒரு டேக் கேளுங்கள். திரும்பக் கூப்பிட்டால் தேதி கிடைக்காது. ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது கட்டையை மாற்றியே ஸ்கிராட்ச் டிராக்கை அனுப்பிவிடுங்கள். மைக் முன்னால் நின்று சுருதி தேடினால் நேரமும் போகும், தொண்டையும் போகும்.

அடுத்தது காகிதம். பதிவுக்கு முன்னால், பின்னால் அல்ல. விருந்தினர் வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தால், ‘நான் பாடித் தர்றேன் தம்பி’ என்ற வாய்வார்த்தை செல்லாது. அந்த நிறுவனத்தின் எழுத்து வேண்டும். தொகையா, ராயல்டியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடகர் பெயரைப் போடுவது நீங்கள் செய்யும் உபகாரம் அல்ல, இந்தியச் சட்டப்படி அவர் உரிமை.

பாட்டின் உரிமையில்தான் நம்மூர்ப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31சி பிரிவு கவர் பாடலுக்கு வழி தருகிறது, ஆனால் இடுக்கமான வழி. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டி அறிவிப்பும் ராயல்டியும் தர வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. அட்டையில் பழைய பாடகரின் பெயரோ படமோ கூடாது. மெட்டிலும் வரியிலும், பதிவுக்குத் தொழில்நுட்பரீதியாகத் தேவையானதைத் தவிர, அனுமதியில்லாத மாற்றம் கூடாது. இந்தக் கணக்கில் 2006இன் ‘வேலரி’யை 2012க்கு முன் தொட்டிருக்கவே முடியாது. ஆகவே 31சியை நம்பி உட்காராமல், உரிமை வைத்திருப்பவரிடம் நேரடியாகக் கேட்டு எழுதி வாங்குவதே மேல். சினிமாப் பாட்டென்றால் பெரும்பாலும் அது ஆடியோ நிறுவனம்.

இன்னொரு பாட்டின் நாலு வரியை நடுவில் செருகும் ஆசையையும் யோசித்துச் செய்யுங்கள். ஸ்மித்ஸ் பாட்டுக்குள் சுப்ரீம்ஸ் பாட்டொன்றை ரான்சன் இழைத்தார். எழுதியவர்கள் பட்டியலில் மூன்று பேர் கூடினார்கள்.

அப்புறம் வருமானம். எழுதியவர்களுக்கான ராயல்டி உங்களுக்கு வராது. ஒலிப்பதிவின் பங்கு மட்டுமே, அதையும் பாடகரோடும் நிறுவனத்தோடும் பகிர வேண்டியிருக்கும். வீட்டு வாடகைக்கு இதை நம்ப வேண்டாம். லாபம் அடுத்த வேலையில்தான். 1982இல் மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் பிரிட்டிஷ் எலக்ட்ரிக் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இதேபோல் ஒரு கவர் ஆல்பம் போட்டார்கள். ஒரு பாட்டுக்குப் பேசி வைத்திருந்த ஜேம்ஸ் பிரவுன் பேரம் படியாமல் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் டினா டர்னர். அப்போது அவருக்கு மார்க்கெட் இல்லை. அடுத்த ஆண்டு, அவர் பாடி, வேர் கூட்டாகத் தயாரித்த ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பிரிட்டனில் 6ஆம் இடத்துக்குப் போனது. அதையும் சேர்த்து 1984இல் வந்தது டர்னரின் ‘பிரைவேட் டான்சர்’ ஆல்பம்.

ஆகவே விருந்தினர் பாடி முடித்து, டீ குடித்துக்கொண்டே ‘வேறென்ன வெச்சிருக்கீங்க?’ என்று கேட்கும்போது லேப்டாப்பில் உங்கள் சொந்த மெட்டு இரண்டாவது இருக்கட்டும், அவர் கட்டையிலேயே.