கல்லூரிகளைக் கண்காணிப்பவர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் மத்திய சர்க்கார் தலையிடுவதில்லையாமே. அப்படியானால் ஒரு கல்லூரி மாணவர்களை ஏமாற்றினால் கேட்பார் யார்?

பதில்: கேட்பார் மூவர் உண்டு, மற்றவர் கேட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவதுதான் சங்கடம். கல்லூரி நடத்த அனுமதி தருவது அந்தந்த மாநிலம். தரத்தைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்குபவை தனியார் சபைகள். மாணவர்களுக்கு உதவித்தொகையும் கடனும் அளிப்பது வாஷிங்டனிலுள்ள கல்வி இலாகா. தனியார் கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தமே, அதை மாநிலச் சட்டசபை தன் இஷ்டம்போல் மாற்றலாகாது என்று 1819-இல் டார்ட்மவுத் கல்லூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த காலந்தொட்டே கல்விக்கூடங்களின் சுயாதீனத்தை அந்நாட்டார் பெரிதும் போற்றி வருகிறார்கள். 1979-இல் கல்வி இலாகாவைத் தனியே ஸ்தாபித்த சட்டமும் பாடத்திட்டத்தை அது கட்டுப்படுத்தலாகாதென்றே விதித்தது.

ஆகவே சர்க்காரின் கையிலுள்ள பெரிய கடிவாளம் பணந்தான். 1965-ஆம் வருஷத்து உயர்கல்விச் சட்டத்தின்படி மாணவர் கடன் கல்லூரிக்கு வந்து சேர வேண்டுமானால், சர்க்கார் ஒப்புக்கொண்ட ஒரு சபையின் அங்கீகாரம் அக்கல்லூரிக்கு இருந்தாக வேண்டும். அந்தச் சபைகளோ தாங்கள் பரிசோதிக்கும் கல்லூரிகள் கட்டும் சந்தாவிலேயே ஜீவிப்பவை. பரீட்சை எழுதுபவனே பரீட்சகருக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த விசித்திர ஏற்பாட்டை வேறெந்தத் துறையில் சகித்துக்கொள்வார்களோ தெரியவில்லை!

இதன் விளைவைக் காண கொரிந்தியன் கல்லூரிகளின் கதையே போதும். படித்துத் தேறியவர்களுக்கு வேலை கிடைக்கும் விகிதத்தை மிகைப்படுத்திக் காட்டி மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட, லாபத்துக்காகவே நடந்த அந்த ஸ்தாபனம், 2014-இல் கல்வி இலாகா பணத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்ததுமே ஆட்டங்கண்டு, 2015 ஏப்ரலில் சுமார் 16,000 மாணவர்களை நடுவழியில் விட்டுவிட்டு எஞ்சிய கிளைகளையும் மூடியது. அதன் கிளைகள் பலவற்றுக்கு அங்கீகாரம் தந்திருந்த ஏ.சி.ஐ.சி.எஸ். என்னும் சபையின் தகுதியை 2016-இல் ரத்துச் செய்த சர்க்கார், ஆட்சி மாறியபின் 2018-இல் அதைத் திருப்பித் தந்து, 2022-இல் மறுபடியும் பறித்தது. கண்காணிப்பவரைக் கண்காணிப்பதிலேயே இத்தனை தடுமாற்றமென்றால், கடன்பட்ட மாணவன் யாரிடம் போய் முறையிடுவான்?

அதே 2022-இல் கொரிந்தியனில் படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாகக் கல்வி இலாகா அறிவித்தது. வசூலிப்பதற்குக் கம்பெனி இல்லை. அது 2015 மே மாதமே திவாலாகிவிட்டது. பளு முழுவதும் வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது.