தாய்ப்பத்திரத்தைக் கேள்

அன்புள்ள மலர்,

செங்கல்பட்டுப் பக்கம் மனை பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "ரிஜிஸ்டர் ஆபீஸில் எல்லாம் சரிபார்த்துத்தானே பெரியப்பா பதிவார்கள்?" என்று, அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமில்லை.

விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலையே இல்லை. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டில் 55ஏ என்றொரு விதி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்படியோர் அதிகாரத்தைத் தரவில்லை என்பது காரணம். எழுதிக் கொடுப்பவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், முறைகள் சரியாக இருந்து முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கட்டியிருந்தால் பதிந்தாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கும் வராது, அவ்வளவுதான். பிறகு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அந்தப் பதிவுச் சட்டத்தையே திருத்த முனைந்தது, அது தனிக்கதை. அதே ஆண்டு நவம்பரில், பீகார் வழக்கு ஒன்றிலும் பதிவு வேறு, உரிமை வேறு என்றே நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு எனக்குப் புதிதல்ல. நான் பத்திர எழுத்தராக இருந்த காலத்தில் இந்த வேறுபாட்டால் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும். பதியாத உயில் ஒன்று பீரோவில் தூங்கும். உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமில்லையே! பாகம் கிடைக்காத தங்கை ஒருத்தி வெளியூரில் இருப்பாள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது என்பார் தரகர். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அதுவே உரிமையைத் தந்துவிடாது.

பவர், அதாவது அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம். பவரும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் கைமாறினால் அது கிரயம் ஆகாது என்று 2011-லேயே சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கிரயப் பத்திரமே எழுதித் தருவதானாலும், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார். இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும்.

அட்வான்ஸ் கொடுக்காதே. தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக எல்லா நகலையும் முதலில் எனக்கு அனுப்பு. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், பழைய கையெழுத்தும் தெரிகிறது.

அன்புடன்,
பெரியப்பா