பத்து இலக்க எண்ணைக் கையால் உடைப்பது எப்படி?

ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து “இது பகா எண்ணா?” என்று கேட்டால், உடனே 3, 7, 11 என்று வகுக்கத் தொடங்காதீர்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் பாருங்கள்.

4,29,49,67,297-ஐ எடுத்துக்கொள்வோம். இது 2³² + 1. அடுக்கை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கும் இதே வடிவில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65,537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்.

எண்ணின் வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்க யாருக்குப் பொறுமை உண்டு? ஆகவே சலித்தெடுக்க வேண்டும்.

ப என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி ப − 1. அதை வர்க்கப்படுத்தினால், அதாவது 2⁶⁴-இல், மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் 1 மீதி வராது. ஆனால் 2-இன் (ப − 1)ஆம் அடுக்கு எப்போதும் 1 மீதி தரும். இது ஃபெர்மாவே சொன்ன தேற்றம்! ஆகவே ப − 1 என்பது 64-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். ஃபெர்மாவின் கணிப்பைக் கவிழ்க்க அவருடைய கருவியே போதுமாக இருந்தது.

இனி 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 193, 257, 449, 577, 641. சோதிக்க நீண்ட வகுத்தல் வேண்டாம், மீதியை வர்க்கப்படுத்தினால் போதும். முதல் நான்கும் தேறாது. 641-ஐப் பாருங்கள்: 2¹⁶ = 65,536, மீதி 154. 154² = 23,716, மீதி 640. ஒன்று கூட்டினால் 641. சரியாக வகுபட்டுவிட்டது!

ஈவு 67,00,417. இதன் வர்க்கமூலம் 2,588-ஐத் தாண்டும். அதே சல்லடையில் 641 முதல் அதுவரை மிஞ்சுபவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. ஆக அது பகா எண். காரணிகள் மொத்தம் நான்கு, அவற்றின் கூட்டுத்தொகை 4,30,16,68,356.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். இரு பகாக் காரணிகளும் இரு வர்க்கங்களின் கூட்டல்: 641 = 25² + 4²; 67,00,417 = 2556² + 409². இப்போது குறுக்கே பெருக்குங்கள்.

25 × 2556 + 4 × 409 = 65,536
25 × 409 − 4 × 2556 = 1

இது நமக்குத் தெரிந்த 65,536² + 1² தான். கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றினால் 62,264, 20,449 கிடைக்கும். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே எண்தான். ஒரு பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது. அதனால் 641 யாருக்கும் அகப்படாமலே போயிருந்தாலும், இந்த இரண்டாம் ஜோடி ஒன்றே இது பகா எண் அல்ல என்று காட்டிக்கொடுத்திருக்கும். அதிலுள்ள 20,449-ஓ தானே 143-இன் வர்க்கம்.