பன்மாடக் காரியாலயம்

மரக்காணத்தை அடுத்த பிரம்மதேசத்துப் பக்கத்து ஊர்களினின்று சென்னைக்குச் செல்லும் மாணாக்கர், உப்பளங்கள் பரந்த சமநிலத்தில் பனையையும் கோபுரத்தையுமே உயரமெனக் கண்டு பழகியவர். அன்னார் அண்ணா சாலையில் எல். ஐ. சி. மாளிகையைக் கண்டு வியத்தல் இயல்பே. ஆயினும், வியப்பளவில் நில்லாது, அஃது எங்ஙனம் நிற்கின்றது, எங்ஙனம் பயன்படுகின்றது என்று ஆராய்தல் கற்போர் கடனாம்.

பண்டைக் கட்டிடங்களில் பாரத்தைத் தாங்கியவை சுவர்களே. மாடி மிகுந்தோறும் அடிச்சுவர் பருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1891-இல் எழுந்த மொனாட்நாக் என்னும் 16 மாடிச் செங்கற் கட்டிடத்தின் அடிச்சுவர் 6 அடி கனமுடையது. இவ்விடர்ப்பாட்டை நீக்கியது சட்டகமுறை. தூண்களும் உத்தரங்களும் பாரத்தைச் சுமக்க, சுவரானது வெயிலையும் மழையையும் தடுக்கும் திரையாகின்றது. அந்நகரிலேயே 1885-இல் உலோகச் சட்டகத்தைக் கொண்டு எழுந்த 10 மாடிக் கட்டிடமும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியினுடையதே. கயிறு அறுந்தாலும் வீழாத மின்தூக்கியின்றி இவ்வுயரம் பயன்பட்டிராது. அத்தகைய தடையமைப்பை 1854-இல் நியூயார்க்கில் ஓடிஸ் என்பார் பலரறியக் காட்டினார்.

நம் சென்னை மாளிகையும் காப்புத் தொழிலின் பொருட்டே எழுந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எம். சிதம்பரம் செட்டியார் இதனைத் தொடங்கினார். இலண்டனைச் சார்ந்த பிரௌன், மௌலின் என்னும் சிற்பிகள் வகுத்ததை, எல். எம். சித்தாலே நிறைவேற்றினார். 1954-இல் செட்டியார் விமான விபத்தில் மறைந்தார். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் அரசாங்கத்தினதாயிற்று. 1959-இல் திறக்கப்பெற்றபோது, சுமார் 177 அடி உயரமுடைய இதுவே இந்தியாவின் மிகவுயர்ந்த காரியாலயமாக விளங்கிற்று.

இம்மாளிகையில் 1975 ஜூலையில் பெருந்தீ பற்றியது. 2023 ஏப்ரலில் உச்சிப் பெயர்ப்பலகையிலும் தீ தோன்றியது. காப்பையே தொழிலாகக் கொண்ட மனையும் தீக்கு விலக்கன்று. உயர்ந்த கட்டிடத்தில் நெருப்பினும் புகையே முதற்பகை. மின்தூக்கிக் கூண்டும், கதவு திறந்து கிடக்கும் மாடிப்படிக் கூடமும் புகைபோக்கியெனப் புகையை மேலேற்றிவிடும். ஆதலின், தீ நேர்ந்துழி மின்தூக்கியை நாடாது படிவழியே இறங்குக என்பது விதி. அப்படிகளுக்குரிய தீத்தடுப்புக் கதவுகள் மூடியிருத்தலும், வழி வெறிதாயிருத்தலும் இன்றியமையாதன. பழைய கோப்புக் கட்டுகளையும் உடைந்த நாற்காலிகளையும் படிக்கூடத்தில் அடுக்குவோர், சிற்பி அமைத்த வழியைத் தம் கையாலேயே அடைக்கின்றனர்.

நம்முள் பலர் நாளை இத்தகைய காரியாலயங்களில் அமர இருப்பவர். மின்தூக்கியில் ஏறுமுன், இறங்கும் படி எங்குள்ளதென ஒருமுறை நடந்து அறிவோமாக. நம் கரையோர உப்பளத்தார் மழை இறங்கியபின் கீற்றுத் தேடுவதில்லை. வானம் தெளிந்திருக்கும்போதே உப்புக் குவியலை மூடி வைப்பர். உயரத்தில் வாழ்வார்க்கும் அவ்வறிவே துணையாம்.