பெயர் மாறினும் குரல் மாறாது

பத்து வயது நிரம்பிய சிறுவன் ஒருவன் வீட்டைவிட்டுப் பயணம் புறப்படுகிறான். அவன் பெயர் சடோஷி. விந்தை உயிர்களைப் பிடித்துப் பழக்கி, போக்கிமான் வல்லுநன் ஆவதே அவனது கனவு. பிகாச்சு என்னும் மின்னெலி அவனுடைய முதல் துணை. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'போக்கிமான்' தொடரின் கதை இதுவே.

அத்தொடரின் முதல் முகப்புப் பாடல் 'மெசாசே போக்கிமான் மாஸ்டர்'. போக்கிமான் வல்லுநன் ஆவதை இலக்காகக் கொள் என்பது அத்தலைப்பின் பொருள். அதனைப் பாடியவர் ரிகா மாட்சுமோட்டோ என்னும் அம்மையார். சடோஷிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஆகவே, கதைத்தலைவனே தன் கனவைப் பாடுவது போல அப்பாடல் ஒலித்தது.

1998இல் இத்தொடர் அமெரிக்காவுக்குச் சென்றது. அங்குச் சடோஷி 'ஆஷ்' ஆனான். ஒரு மொழியின் அசைகளுக்கென அமைந்த மெட்டில் வேறு மொழிச் சொற்கள் எளிதில் அமர்வதில்லை. ஜப்பானியப் பாடல் அங்கு மொழிபெயர்க்கப்படவில்லை. புதிய மெட்டில் ஆங்கிலப் பாடல் ஒன்று இயற்றப்பட்டது. அதனை ஜேசன் பேஜ் பாடினார். ஜப்பானில் 2002 வரை ஒரே தொடராக ஓடியதை, ஆங்கிலத்தில் ஐந்து பருவங்களாகப் பிரித்தனர். பருவந்தோறும் புதியதொரு முகப்புப் பாடலையும் அமைத்தனர்.

உயிர்களின் பெயர்களும் மாறின. 'ஹிடோகாகே' என்னும் பெயரில் தீ, பல்லி ஆகியவற்றைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்கள் இணைந்துள்ளன. ஆங்கிலத்தில் அது 'சார்மாண்டர்' ஆயிற்று. அப்பெயரிலும் கருகுதலைக் குறிக்கும் சொல்லும் பல்லியை ஒத்த ஓர் உயிரின் பெயரும் இணைந்துள்ளன. உடை மாறியது, உட்பொருள் மாறவில்லை.

பிகாச்சுவின் பெயரோ மாறவேயில்லை. ஜப்பானிய மொழியில் 'பிகாபிகா' என்பது, தமிழின் 'பளபள' போல மின்னுதலைக் காட்டும் ஒலிக்குறிப்பு. 'சூ' என்பது எலியின் கீச்சொலி. பிகாச்சு தன் பெயரின் ஒலிகளைக் கொண்டே மகிழ்ச்சியையும் சினத்தையும் வெளிப்படுத்தும். அதற்குக் குரல் கொடுத்த இகுவே ஓட்டானியின் குரலே பிற மொழிகள் பலவற்றிலும் ஒலித்தது. அக்குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

2022இல் சடோஷி உலக வாகையர் பட்டம் வென்றான். ஆயினும் அவன் பயணம் நிற்கவில்லை. 2023 சனவரி முதல் மார்ச்சு வரை அவனது இறுதிக் கதைப்பகுதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு 'மெசாசே போக்கிமான் மாஸ்டர்' என்றே பெயரிட்டனர். இடையில் எத்தனையோ பாடல்கள் வந்து போயின. நாடு பல சுற்றியவனின் கதை, புறப்பட்ட நாளில் ஒலித்த பாடலின் பெயராலேயே நிறைவுற்றது.

சொற்பொருள்
முகப்புப் பாடல் – தொடரின் தொடக்கத்தில் ஒலிக்கும் பாடல்
மெட்டு – பாடலின் இசையமைப்பு
வாகையர் – வெற்றி பெற்றவர்

பயிற்சி
1. ஜப்பானியப் பாடல் கதைத்தலைவனே பாடுவது போல ஒலித்தது ஏன்?
2. 'உடை மாறியது, உட்பொருள் மாறவில்லை' என்பதை விளக்குக.
3. பளபள, சலசல, கலகல ஆகிய இரட்டைக்கிளவிகளைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
4. வீட்டில் உங்களை அழைக்கும் பெயரும் பள்ளியில் அழைக்கும் பெயரும் வேறுபடுகின்றனவா? எப்பெயரில் அழைத்தாலும் உங்களிடம் மாறாதிருப்பது எது? ஐந்து வரிகளில் எழுதுக.