திண்ணைப் பள்ளியும் ஔவையின் அறமொழிகளும்

நாவில் எழுத்து ஏறும்போதே நெஞ்சில் அறமும் ஏறவேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட கல்வி நெறி. ஔவையார் அருளிய ஆத்திசூடி, அகர வரிசையில் அமைந்த 109 சிறு தொடர்களை உடையது. கொன்றைவேந்தன் 91 தொடர்களை உடையது. 'அ' என்னும் எழுத்தைக் கற்ற பிள்ளை, அவ்வெழுத்தில் தொடங்கும் அறத்தையும் உடன் கற்றது. இவ்விரு நூல்களும் தம் கடவுள் வாழ்த்தின் முதற்சொற்களாலேயே பெயர் பெற்றன. ஆத்தியும் கொன்றையும் சிவபெருமான் சூடும் மலர்கள் என்பதை அன்பர்கள் அறிவர்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் பிடித்தனர். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றையோர் ஒருங்கே பின் சொல்வர். அப்பள்ளிகளில் பிரம்படியும் இருந்தது. அதனை இன்று எவரும் போற்ற வேண்டுவதில்லை.

1855ஆம் ஆண்டு தோன்றிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர், அத்தகைய சூழலில் வளர்ந்தவரே. இளமையில் அவர் அரியலூரிலும், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலும் பெற்றோருடன் வாழ்ந்தார். அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டினார். பின்னர்ச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பயின்றார். மேலும் கற்க விரும்பிய அம்மாணவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள ரெட்டியார் எண்ணவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று வழிகாட்டினார். தம்மினும் பெரியார் ஒருவர் உளர் என்று ஓர் ஆசிரியர் தம் மாணவனிடமே கூறினார் அன்றோ! அடக்கத்தைப் பற்றி நூறு தொடர்களை மனப்பாடம் செய்தாலும், அந்த ஒரு சொல்லைக் கேட்டதற்கு அது நிகராகாது.

இக்காலத்தும் ஆத்திசூடியை ஒரே மூச்சில் ஒப்புவித்துப் பரிசு பெறும் சிறார் பலர். நினைவாற்றலுக்கு அது நல்லதே. ஆயினும், ஈகையைப் பற்றிய தொடரை ஒப்புவித்த பிள்ளை, வாயிலில் வந்து நிற்பவர்க்குப் பாட்டி ஒரு பிடி அரிசி இடுவதையும் கண்டால்தான் அத்தொடருக்குப் பொருள் விளங்கும். பழைய கல்வி பயன் தந்தமைக்குக் காரணம் ஓலை மட்டும் அன்று. ஓலையில் கண்டதை வீட்டிலும் வீதியிலும் பிள்ளை கண்டதேயாகும்.

2002ஆம் ஆண்டில் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. பெற்றோர் தம் பிள்ளைகளை அப்பந்திக்கு அழைத்துச் சென்று, இலை இடவும் முதியோர்க்கு நீர் மொண்டு தரவும் பழக்கலாம். அன்றிரவு அத்தொடரின் பொருளை வினவினால், உரை நூலைப் பாராமலே பிள்ளை விடை கூறும்.