மோட்டாருக்கு எத்தனை வோல்ட்? ஆர்.சி. படகு கட்டுறவங்களுக்கு அக்காவின் டிப்ஸ்

காலேஜ் விழாவுக்கு ஆர்.சி. படகு கட்டக் கிளம்புற தம்பி தங்கச்சிங்க முதல்ல போய் நிக்கிறது கடையிலதான். ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ இருக்கிறதிலேயே பெரிய மோட்டாரா ஒண்ணு, வோல்ட் அதிகமா ஒரு பேட்டரி. ரெண்டையும் மாட்டினா படகு பறக்கும்னு ஒரு நம்பிக்கை. தண்ணியில விட்ட கொஞ்ச நேரத்துல கருகல் வாசனை வந்துடும், ரெண்டு மாசப் பாக்கெட் மணியும் அதோட போயிடும். அது நடக்கக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

வாங்குற வரிசையை மாத்துங்க. படகு எப்படிப் போகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அதுக்கு எந்த ப்ரொப்பெல்லர், அது எவ்வளவு வேகமா சுத்தணும்னு அடுத்து பாருங்க. மோட்டாரும் வோல்ட்டும் கடைசியிலதான் வரணும்.

பிரஷ்லெஸ் மோட்டார் மேல 1000 கேவி, 2200 கேவின்னு ஒட்டியிருப்பாங்க. தண்டுல எதுவும் மாட்டாதப்போ ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்ங்கிற கணக்குதான் அது. கேவி அதிகமா இருந்தா பலமும் அதிகம்னு நினைக்காதீங்க. ஒரே சைஸ் மோட்டார்ல கேவி குறைஞ்சதுதான் அதே ஆம்பியருக்கு அதிக முறுக்குவிசை குடுக்கும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில செல் ஒண்ணுக்கு 3.7 வோல்ட்னு லேபிள்ல இருக்கும், முழுசா சார்ஜ் ஆனா 4.2. அதனால 3 எஸ், அதாவது மூணு செல்லை வரிசையா இணைச்ச பேக், பேருக்குத்தான் 11.1 வோல்ட், சார்ஜர்ல இருந்து கழட்டின உடனே 12.6. மோட்டாரோட உச்ச வேகத்தைப் பார்க்கும்போது இந்த 12.6ஐ வச்சே பெருக்குங்க. அதிகச் சுமை விழறது அந்த முதல் நிமிஷங்கள்லதான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. தண்ணிக்குள்ள சுத்துற ப்ரொப்பெல்லரோட வேகத்தை ரெண்டு மடங்காக்கினா அதுக்கு வேணுங்கிற பவர் ரெண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகும். முறுக்குவிசை நாலு மடங்கு ஆகும். மோட்டார் இழுக்கிற ஆம்பியர் முறுக்குவிசையோடதான் ஏறும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 540 பிரஷ் மோட்டார் ஒண்ணு 7.2 வோல்ட்ல 10 ஆம்பியர் இழுத்துக்கிட்டு நல்லா ஓடுதுன்னு வைங்க. அதாவது 72 வாட். ஃப்ரெண்டு ஒருத்தன் 3 எஸ் லிப்போ குடுக்கிறான், அதே ப்ரொப்போட மாட்டிடுறோம். லேபிள்படி வோல்ட் ஒன்றரை மடங்குதான் ஏறியிருக்கு. ஆனா ஆம்பியர் கணக்குப்படி கிட்டத்தட்ட 24 வரைக்கும் போகப் பார்க்கும், வாட் 260ஐத் தொடும். சுமையில மோட்டார் கொஞ்சம் தளரும்ங்கிறதால நிஜத்துல சற்றுக் குறையலாம். வைண்டிங்ல வர்ற சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறுறதால அஞ்சு மடங்குக்கும் மேல போகும். பிரஷ் பொசுங்கும், கம்யூட்டேட்டர் கறுத்துடும். வெளியில பார்த்தா மோட்டார் புதுசு மாதிரியே இருக்கும், சுத்தும்போது மட்டும் தீப்பொறியும் வாசனையும் வரும்.

அப்போ 3 எஸ் போடவே கூடாதா? தாராளமா போடலாம், கூடவே வேற ஏதாவது ஒண்ணைக் குறைக்கணும். ஒரு வழி ப்ரொப். அதே வடிவம், அதே வேகம்னா பவர் விட்டத்தோட ஐந்தாம் அடுக்குல மாறும். 40 மில்லிமீட்டரை எடுத்துட்டு 35 போட்டாலே தேவைப்படுற பவர் ஏறக்குறைய பாதியா இறங்கிடும். அஞ்சு மில்லிமீட்டர்தான்! ப்ரொப் ரெண்டு மூணு சைஸ்ல வாங்கி வச்சுக்கிறதுதான் இந்த வேலையில ரொம்பக் குறைஞ்ச செலவு.

இன்னொரு வழி கேவி. எனக்குப் பிடிச்சது இதுதான். 2 எஸ்ல 3000 கேவி மோட்டாரும் 3 எஸ்ல 2000 கேவி மோட்டாரும் லேபிள் வோல்ட்டால பெருக்கிப் பார்த்தா ஒரே சுத்து, 22,200. படகும் ஒரே வேகத்துல போகும். ஆனா 200 வாட் வேணும்னா 2 எஸ் 27 ஆம்பியர் குடுக்கணும், 3 எஸ்ஸுக்கு 18 போதும். ஒயர்லயும் கனெக்டர்லயும் வீணாகிற சூடு பாதிக்கும் கீழ வந்துடும். வோல்ட்டை ஏத்து, கேவியை இறக்கு. படகு குளுமையா ஓடணும்னா இதுதான் முறை.

டக் (இழுவைப் படகு), ஃபெர்ரி மாதிரி மெதுவா போற மாடல் படகுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். பெரிய ப்ரொப், மெதுவான சுத்து, 6 அல்லது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி போதும். 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். அந்த மாதிரி படகுக்கு அடிபாரம் வேணும்ங்கிறதால அந்த எடையே உதவியாயிடும். 1898ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நிக்கோலா டெஸ்லா ரேடியோவால ஓட்டிக் காட்டினதும் ஒரு பேட்டரி படகைத்தான். வேகப் படகுக்கு மட்டும் லெட் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

நம்ம பசங்க அதிகமா கட்டுறது ஏர்போட், பின்னாடி காத்தாடி வச்சது. அதுக்கு ஏ2212 மோட்டாரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற 30 ஆம்பியர் இ.எஸ்.சி.யும்தான் வாங்குறாங்க. இங்க ஒரு இடத்துல கண்ணைத் திறந்து வச்சுக்கணும். ஏ2212ல 1000 கேவியும் உண்டு, 2200 கேவியும் உண்டு. அதே உடம்பு, அதே ஒயர், பக்கத்துல வச்சாக்கூட வித்தியாசம் தெரியாது. 1000 கேவிக்கு 3 எஸ்ல 10 இஞ்ச் 1045 காத்தாடி சரியா இருக்கும். 2200 கேவிக்கு 6 இஞ்ச்தான். அதுல 10 இஞ்ச்சை மாட்டினா மோட்டாரோ இ.எஸ்.சி.யோ ஒண்ணு போயிடும். கடையிலேயே ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வாங்குங்க. காத்தாடியைச் சுத்திக் கம்பி வளையம் போடாம ஓட்டாதீங்க, விரலை வெட்டிடும்.

அதே ஏ2212ஐத் தண்ணிக்குள்ள சுத்துற ப்ரொப்புக்கு மாட்டுறவங்களும் இருக்காங்க. விக்கிறவங்க குடுக்கிற ஆம்பியர் அட்டவணை காத்தாடிக்கானது. தண்ணி காத்தைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி, அந்த அட்டவணை இங்க செல்லாது. தவிர அதோட வெளிக்கூடே சுத்துறதால மேல தண்ணிக் குளிரூட்டி மாட்ட முடியாது. வேகப் படகுக்கு இன்ரன்னர்தான் நல்லது. உடம்பு அசையாம இருக்கும், வாட்டர் ஜாக்கெட் போடலாம்.

பேட்டரியில ஏமாறுறது ரெண்டு இடத்துல. பழைய லேப்டாப்ல கழட்டின 18650 செல் மூணு சேர்த்தா மல்டிமீட்டர்ல 11 வோல்ட் அழகா காட்டும். மோட்டார் கிளம்பினதும் வோல்ட் பொத்துனு விழும், ரிசீவர் அணைஞ்சு அணைஞ்சு எரியும். வோல்ட் இருக்குன்னா ஆம்பியரும் இருக்கும்னு நினைக்க வேண்டாம். அடுத்தது லிப்போ மேல இருக்கிற சி எண். 2200 எம்ஏஹெச், 25 சின்னா 2.2ஐ 25ஆல பெருக்கி 55 ஆம்பியர். விலை குறைஞ்ச பேக்ல அந்த எண்ணை அப்படியே நம்பாதீங்க, பாதியை வச்சுத் திட்டம் போடுங்க. ஆர்டுயினோவும் எல்298என் டிரைவரும் வச்சு சின்ன டிசி மோட்டார் ஓட்டுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அந்த டிரைவரே ஒரு ஆம்பியர்ல சுமார் 2 வோல்ட்டை முழுங்கிடும். 12 வோல்ட் குடுத்தா மோட்டாருக்குப் போறது பத்துதான்.

இ.எஸ்.சி. வாங்கும்போது அளந்த ஆம்பியரைவிட ஒன்றரை மடங்காவது தாங்குறதா பாருங்க. 2-3 எஸ்னு எழுதியிருந்தா 4 எஸ் தொடவே கூடாது. ஒயர் எட்டலைன்னா மோட்டார் பக்கம் நீட்டுங்க. பேட்டரி பக்கம் நீட்டினா வோல்ட் துள்ளி இ.எஸ்.சி.யோட கெப்பாசிட்டரைக் கெடுக்கும்.

அளந்ததுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு வாட்மீட்டர் ஒண்ணு வேணும். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவுல மாட்டுங்க. முதல்ல ப்ரொப்பை விரலால சுத்திப் பாருங்க. தண்டு இறுக்கமா, கிரீஸ் இல்லாம இருந்தா எந்த வோல்ட்டும் சரிவராது. அப்புறம் பெரிய தொட்டியில படகை அழுத்திப் பிடிச்சு மூணு நாலு செகண்ட் மட்டும் முடுக்குங்க. நிக்கிற படகு ஓடுற படகைவிடக் கொஞ்சம் அதிகமாவே இழுக்கும், அதுவே பாதுகாப்பான கணக்கு. ப்ரொப் பாதி தண்ணிக்கு மேல வந்து ஓடுற வேகப் படகை மட்டும் தொட்டியில முழு வேகத்துக்கு முடுக்காதீங்க. முழுசா முங்கின ப்ரொப் தாறுமாறா இழுக்கும். அந்த மாதிரி படகுக்கு உச்ச அளவை நினைவுல வச்சுக்கிற மீட்டரைப் படகுக்குள்ளேயே ஒட்டி ஓட்டுங்க.

குளத்துல முதல் ஓட்டம் ஒரே நிமிஷம். கரைக்குக் கொண்டுவந்து பேட்டரியைக் கழட்டிட்டு மோட்டார், இ.எஸ்.சி., கனெக்டர் எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க. மோட்டார் மேல விரலை வச்சுக்கிட்டே இருக்க முடியலைன்னா சூடு அதிகம், சின்ன ப்ரொப்புக்கு மாறுங்க. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல போனா வலு இழக்கும், ஆறினாலும் முழுசா திரும்பாது. கனெக்டர் மட்டும் சுட்டா கோளாறு சால்டர்ல இருக்கு.

ஓடுற நேரத்தையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணுங்க. 2200 எம்ஏஹெச் பேக்ல 18 ஆம்பியர் இழுத்தா ஏழு நிமிஷம் சொச்சம் வரும். லிப்போவை 80 சதவீதத்துக்கு மேல காலி பண்ணக்கூடாது, அதனால ஆறு நிமிஷம்தான். டிரான்ஸ்மிட்டர்லயோ போன்லயோ அஞ்சு நிமிஷத்துக்கு அலாரம் வச்சு, அடிச்ச உடனே படகைத் திருப்பிடுங்க. இல்லைன்னா இ.எஸ்.சி. தானா மோட்டாரை நிறுத்தும், படகு நடுக்குளத்துல நிக்கும்.

அப்படி நின்னா மீன்பிடி நரம்புல டென்னிஸ் பந்து ஒண்ணைக் கட்டிப் படகுக்கு அந்தப் பக்கம் வீசி மெதுவா இழுங்க, இல்லைன்னா காத்து கரைக்குத் தள்ளுற வரைக்கும் காத்திருங்க. எவ்வளவு நீச்சல் தெரிஞ்சாலும் படகை எடுக்கத் தண்ணிக்குள்ள இறங்காதீங்க. தனியாவும் குளத்துக்குப் போகாதீங்க.